ஈரானில் ஹிஜாப் எதிர்ப்பு 2022-ல்தான் தொடங்கியதா?

இல்லை. 1979 மார்ச் 8 அன்றே, மன்னராட்சியை வீழ்த்திய இஸ்லாமியப் புரட்சி நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், ஆயிரக்கணக்கான பெண்கள் தெஹ்ரான் தெருக்களில் இறங்கினார்கள். அரசு அலுவலகங்களில் பெண்கள் ஹிஜாப் அணிய வேண்டும் என்று புரட்சித் தலைவர் கொமேனி சொன்னதுதான் காரணம். அப்போதைக்கு அரசு கொஞ்சம் பின்வாங்கியது. ஆனால் 1983-ல் வந்த சட்டம், தலையை மூடாமல் வெளியே வரும் பெண்ணுக்கு 74 கசையடி என்றது.

அதற்கு முன்னால் 1936-ல் மன்னர் ரெசா ஷா இதற்கு நேர் எதிராக முக்காட்டைத் தடை செய்தார். போலீஸ்காரர்கள் தெருவில் பெண்களின் முக்காட்டைப் பிடுங்கினார்கள். பல பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். போடு என்பதும் கழற்று என்பதும் ஒரே அதிகாரம்தான் என்று நான் நினைக்கிறேன்.

2017 டிசம்பரில் தெஹ்ரானின் எங்கெலாப் தெருவில் ஒரு பெண் மின்பெட்டி மேல் ஏறி, வெள்ளை முக்காட்டைக் குச்சியில் கட்டிப் பிடித்தபடி பேசாமல் நின்றார். கைது செய்தார்கள். வேறு பெண்கள் அதேபோல் ஏறி நின்றார்கள். அப்புறம் யாரும் நிற்க முடியாதபடி அந்தப் பெட்டிகள் மேல் சாய்வான மூடி பொருத்தினார்கள். பெட்டிக்குக்கூடப் பயந்த அரசு அது!

2022 செப்டம்பரில், பெண்களின் உடையைக் கண்காணிக்கும் ஒழுக்கக் காவலர்கள் பிடித்துச்சென்ற 22 வயது குர்திய இனப் பெண் மஹ்சா அமினி இறந்தார். சொந்த ஊரான சக்கேஸில் அவரை அடக்கம் செய்த இடத்திலேயே பெண்கள் முக்காட்டைக் கழற்றினார்கள். "பெண், வாழ்வு, விடுதலை" என்ற குர்திய முழக்கம் அங்கிருந்து நாடெங்கும் பரவியது. அடக்குமுறையில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். சட்டம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் தெஹ்ரானில் பல பெண்கள் தலையை மூடாமல்தான் நடக்கிறார்கள்.