புயல் நாளில் இதயப் பம்புக்கு மின்சாரம்: பேட்டரியை மணிக்கணக்கில் எண்ணுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு சென்னையில் ஹார்ட்மேட் 3 இதயப் பம்பு பொருத்தி, கடலூர் புதுப்பாளையம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். நான்கு ஜோடி பேட்டரியும் 150 ஏஎச் இன்வர்ட்டரும் இருக்கின்றன. கார்த்திகையில் புயல் வந்து இரண்டு நாள் கரன்ட் இல்லாமல் போனால் தாங்குமா? ஜெனரேட்டர் வாங்கலாமா?

பதில்: ஒரு ஜோடி புது பேட்டரி 17 மணி நேரம் வரை ஓடும் என்கிறது தயாரிப்பு நிறுவனம். அப்படியானால் நான்கு ஜோடிக்கு 68 மணி. இந்தக் கணக்கை நம்பிப் படுத்துவிடாதீர்கள். பேட்டரியின் ஆயுள் மூன்று ஆண்டு அல்லது 360 சார்ஜ். பழசாக ஆக நேரம் குறையும். பம்பின் வேகத்தைப் பொறுத்தும் மாறும். ஜோடிகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் போட்டு, பேட்டரியில் சார்ஜ் அளவைக் காட்டும் விளக்குகளில் ஒரே ஒன்று மிஞ்சும்வரை ஒவ்வொரு ஜோடியும் எத்தனை மணி தாங்குகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். அது தெரியும்வரை ஜோடிக்கு 10 மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 40 மணி, அதாவது இரண்டு நாளுக்கு எட்டு மணி குறைவு.

அந்தப் பற்றாக்குறையை இன்வர்ட்டர் சமாளிக்கும், நீங்கள் அனுமதித்தால். 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் காகிதத்தில் 1800 வாட் மணி. பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்று வைத்தால் கைக்கு வருவது 900. அப்பாவின் பேட்டரிகளை ஏற்ற, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, ஒரு நாளுக்கு 500 வாட் மணியைத் தாண்டாது. மூன்று மின்விசிறி ஓடினாலோ மணிக்கு 210 வாட் மணி போகும். நாலரை மணிக்குள் 900-மும் காலி. முதல் ராத்திரியே இன்வர்ட்டர் படுத்துவிடுவது பெரும்பாலும் இப்படித்தான். புயல் அன்று ஃபேன், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சார்ஜருக்கும் ஒரு விளக்குக்கும் மட்டும் விடுங்கள். இன்வர்ட்டர் சைன்வேவ் வகையா என்று இப்போதே பாருங்கள். ஸ்கொயர்வேவ் என்றால் இந்தச் சார்ஜரை அதில் மாட்டாதீர்கள்.

ஜெனரேட்டர் வாங்கலாம். ஆனால் அதில் நேரடியாக அப்பாவை இணைக்கக்கூடாது. சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரில் வோல்டேஜ் ஏறி இறங்கும். அதில் சார்ஜர் ஓடட்டும். அப்பா பேட்டரியிலேயே இருக்கட்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலோரமோ வைக்காதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

சார்ஜரில் ஒரே நேரத்தில் நான்கு பேட்டரி ஏறும். அதற்கு நான்கு மணி நேரம் வரை ஆகும். எட்டும் நிரம்ப இரண்டு சுற்று. புயல் கரையைக் கடப்பதற்குப் பல மணி நேரம் முன்பே பாதுகாப்புக்காக ஈபி லைனை நிறுத்திவிடுவார்கள். அதனால் எச்சரிக்கை வந்த அன்றே ஏற்றத் தொடங்குங்கள். இங்கே ஒரு பொறி உண்டு: சுமார் 70 தடவை பயன்படுத்திய பேட்டரியை அளவுத்திருத்தம் செய்யச் சொல்லி சார்ஜரில் மஞ்சள் விளக்கு மினுக்கும். அதற்கு ஒப்புக்கொண்டால் பேட்டரியை முழுக்க வடித்துவிட்டு மறுபடி ஏற்றும். 12 மணி நேரம்வரை அந்தப் பேட்டரி உங்கள் கையில் இல்லை. புரட்டாசியிலேயே ஒவ்வொன்றாக முடித்துவிடுங்கள். புயலுக்கு முந்திய இரவில் மஞ்சள் மினுக்கினால் விட்டுவிடுங்கள், சாதாரணமாக ஏறும்.

தூங்கும்போது சுவரில் செருகும் மொபைல் பவர் யூனிட்டில் இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கும். யாராவது தட்டி அணைத்துவிடாமல் மேலே டேப் ஒட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. எர்த்திங் சரியா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்; கடலோர உப்புக்காற்றில் எர்த் கம்பி அரித்துப்போவது சகஜம். கரன்ட் போனால், பம்பை இயக்கும் சிறு பெட்டியான கன்ட்ரோலருக்குள் இருக்கும் சின்ன பேட்டரி குறைந்தது 15 நிமிடம் பம்பை ஓட்டும், அலறும். அந்த 15 நிமிடம் பேட்டரி ஜோடியை மாட்டுவதற்குத்தான். கரன்ட் திரும்பாத இரவில், முழுசாக ஏறிய ஜோடியோடு படுக்கச் சொல்லி, வீட்டில் ஒருவர் முறைவைத்து விழித்திருங்கள்.

மாற்றும்போது ஒரே விதி: ஒரு பக்கம் முடிந்த பிறகே மறு பக்கம். கன்ட்ரோலரின் வெள்ளை இணைப்பையும் கறுப்பு இணைப்பையும் ஒருசேரக் கழற்றக்கூடாது. ஒன்றைக் கழற்றியதும் பீப் அடிக்கும், அது இயல்பு. அந்தச் சத்தத்தில் பதறி இருட்டில் இரண்டையும் இழுப்பதுதான் நடக்கும் தவறு. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்குங்கள். பேட்டரியிலும் அதைச் செருகும் கிளிப்பிலும் இருக்கும் சிவப்பு அம்புகள் நேருக்கு நேர் வந்தபின் 'க்ளிக்' கேட்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் இரண்டு நாளுக்கு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது கடலூரின் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ரெட் அலர்ட் வந்தால் வீட்டிலேயே சமாளிக்கலாம் என்று நினைக்காமல், கெடிலமும் தென்பெண்ணையும் பெருகுவதற்குள், உங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் வசதியுள்ள இடத்துக்கு அப்பாவை அழைத்துப் போய்விடுவதே நல்லது. வெள்ளத்தில் நடக்க விடாதீர்கள். பம்பையும் கன்ட்ரோலரையும் இணைக்கும் டிரைவ்லைன் கம்பி வயிற்றில் வெளிவரும் இடம் நனைந்தால் சீழ் பிடிக்கலாம்.

ஜிப்மருக்கோ வேறெங்கோ அவசரமாகப் போனாலும் உதிரி கன்ட்ரோலர், இரண்டு ஜோடி பேட்டரி, கிளிப்புகள் உள்ள பை கூடவே போகட்டும். 108 ஊழியரிடம், "இவருக்கு நாடி தட்டுப்படாமல் இருக்கலாம், பிபி மிஷினும் காட்டாமல் இருக்கலாம், பம்பு ஓடுகிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்; ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால் பம்பின் ரீங்காரம் கேட்கும். அந்த உதிரி கன்ட்ரோலரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தில் மாட்டி அதன் உள் பேட்டரியை ஏற்ற வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.