ஃபேஷன் மெர்ச்சண்டைசிங் படிப்பவர்களுக்கு: கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கணக்குகளில் பணத்தின் பெயர் போடவில்லை. எந்தப் பணமாக வைத்துக்கொண்டாலும் விகிதம் மாறாது.

கேள்வி: அக்கா, எனக்குப் படம் வரையவே வராது. இந்தப் படிப்பில் சேரலாமா?

தாராளமாகச் சேருங்கள். ஃபேஷன் ஓவியம் வேறு, ஃபிளாட் ஸ்கெட்ச் வேறு. ஆடையின் முன்பக்கம், பின்பக்கம், தையல் போகும் இடம், பட்டன் எண்ணிக்கை, பாக்கெட்டின் உயரம் இவ்வளவும் தெரியும்படி கோடு போட்டால் போதும். அதைக் கணினியில் பழகிக்கொள்ளலாம்.

கணக்குதான் முக்கியம். 1000க்கு விற்கும் சட்டைக்கு முதலில் 30% தள்ளுபடி, இரண்டு வாரம் கழித்து அந்த விலையில் மேலும் 20%. கடைசி விலை என்ன? பலரும் சட்டென்று 500 என்பார்கள். விடை 560. இரண்டாவது 20% என்பது 700இல் போடுவது. ‘எதில் இத்தனை சதவீதம்?’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் படிப்பு கஷ்டமில்லை.

கேள்வி: வேலை விளம்பரங்களில் ‘மெர்ச்சண்டைசர்’ என்று ஒரே பெயர், ஆனால் வேலை ஒவ்வொன்றும் வேறாக இருக்கிறதே?

பெயர் ஒன்று, வேலை மூன்று. ஆடை தயாரிக்கும் நிறுவனத்தில் இருப்பவர் பையருக்கும் (ஆர்டர் கொடுத்து வாங்கும் நிறுவனம்) தொழிற்சாலைக்கும் நடுவில் நிற்பவர். காஸ்டிங் (செலவுக் கணக்கு), சாம்பிள், துணி, கப்பல் தேதி எல்லாம் அவர் தலையில். சில்லறை விற்பனை நிறுவனத்தில் இருப்பவர் எந்தச் சரக்கை, எத்தனை, எந்தக் கடைக்கு, எப்போது, என்ன விலைக்கு என்று திட்டமிடுபவர். விஷுவல் மெர்ச்சண்டைசர் கடைக்குள் அடுக்கும் முறையையும் காட்சி ஜன்னலையும் பார்ப்பவர். பதவிப் பெயரை விட்டுவிட்டு, விளம்பரத்தில் உள்ள வினைச்சொற்களைப் பாருங்கள். ‘பின்தொடர்தல், ஒப்புதல் வாங்குதல்’ என்றிருந்தால் முதலாவது. ‘திட்டமிடல், ஒதுக்கீடு’ என்றிருந்தால் இரண்டாவது. சேரப்போகும் கல்லூரிப் பாடத்திட்டமும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று இதே மாதிரி பாருங்கள்.

கேள்வி: மேடம், ஒரு புத்தகத்தில் மார்க்கப் 60%, இன்னொன்றில் அதே ஆடைக்கு 150%. எது சரி?

இரண்டும் சரி. அடக்க விலை 400, விற்பனை விலை 1000, வித்தியாசம் 600. இந்த வித்தியாசம்தான் மார்க்கப். விற்பனை விலையில் அது 60%, அடக்க விலையில் 150%. சில்லறைக் கணக்கில் பெரும்பாலும் விற்பனை விலையை அடிப்படையாக வைப்பார்கள்.

தேர்வில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ‘விற்பனை விலையில் 60% மார்க்கப்’ என்று கேட்டால் 400ஐ 1.6ஆல் பெருக்கி 640 என்று எழுதிவிடுவார்கள். அதில் கிடைப்பது 37.5%தான். செய்ய வேண்டியது வகுத்தல்: 400 ÷ 0.40 = 1000.

கூடவே ஒன்று. இதே ஆடைக்கு 30% தள்ளுபடி கொடுத்தால் விலை 700, ஒரு பீஸில் நிற்கும் லாபம் 600இலிருந்து 300. விலை குறைந்தது 30%, லாபம் குறைந்தது பாதி. பழைய லாபத்தை எடுக்க இரண்டு மடங்கு விற்க வேண்டும். மார்க்கெட்டிங் பாடத்தில் ‘தள்ளுபடி கொடுத்தால் விற்பனை கூடும்’ என்று எழுதும்போது இந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: ஓபன் டு பை சூத்திரம் மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனால் புரியவில்லை.

இந்த மாதம் இன்னும் எவ்வளவுக்குச் சரக்கு வாங்க இடம் இருக்கிறது என்பதுதான் அது. மாதத்தில் வெளியே போகப்போவது: விற்பனை 50,000, விலைக்குறைப்பில் கரையும் மதிப்பு 5,000. மாதக் கடைசியில் கையில் இருக்க வேண்டியது 80,000. ஆக மொத்தத் தேவை 1,35,000. மாதத் தொடக்கத்தில் கையில் இருப்பது 70,000. மீதி 65,000. அதில் 40,000க்கு ஏற்கெனவே ஆர்டர் போட்டாகிவிட்டது, இந்த மாதமே வந்து சேரும். இன்னும் வாங்க இடம் 25,000.

இதெல்லாம் விற்பனை விலையில் போட்ட கணக்கு. சப்ளையரிடம் கொடுப்பதோ அடக்க விலை. மார்க்கப் 60% என்றால் கையில் உள்ள பட்ஜெட் 25,000 × 0.40 = 10,000தான். இதை மறந்து 25,000க்கும் பில் போட்டால் தேவையைப் போல இரண்டரை மடங்கு சரக்கு வந்து இறங்கும். விலைக்குறைப்பு 5,000ஐ ஏன் கூட்டுகிறோம் என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. விலையைக் குறைத்தால் ஸ்டாக்கின் மதிப்பு விற்காமலேயே இறங்கிவிடுகிறது. அந்தப் பள்ளத்தையும் நிரப்பினால்தான் மாதக் கடைசிக் கணக்கு நிற்கும்.

கேள்வி: செல் த்ரூ 67% வந்தால் நல்ல ஸ்டைல் என்று சொல்லிவிடலாமா?

செல் த்ரூ என்பது வாங்கிய சரக்கில் எத்தனை சதவீதம் விற்றது என்பது. சைஸ் பார்க்காமல் சொல்லாதீர்கள். 600 பீஸ் வாங்கினோம். எஸ், எம், எல், எக்ஸ்எல் விகிதம் 1:2:2:1. அதாவது 100, 200, 200, 100. ஆறு வாரத்தில் எம்மும் எல்லும் மொத்தமாகத் தீர்ந்தன, மற்ற இரண்டில் ஒன்றுகூடப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். விற்றது 400, செல் த்ரூ 66.7%. தாளில் அழகாகத்தான் இருக்கும். ஏழாவது வாரத்திலிருந்து விற்பனை அப்படியே படுத்துவிடும். மீதி 200 பீஸ் தள்ளுபடிக்குப் போகும்.

இதைவிடப் பெரிய தொல்லை அடுத்த சீசனில் வரும். எம் சைஸ் நான்காவது வாரமே தீர்ந்திருந்தால் ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் அதன் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகியிருக்கும். இல்லாத சரக்கை எப்படி விற்பது? ஆனால் அந்த அறிக்கையை மட்டும் பார்த்து ஆர்டர் போடுபவர் ‘எம்முக்கு மவுசு குறைந்துவிட்டது’ என்று நினைத்து மறுபடியும் குறைவாக வாங்குவார். அதனால் சைஸ் விகிதம் போடும்போது மொத்த விற்பனையை எடுக்காதீர்கள். எல்லா சைஸும் ஸ்டாக்கில் இருந்த வாரங்களின் விற்பனையை மட்டும் எடுங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரங்கள்தான் கிடைக்கும். கடைகளுக்குள் சரக்கு சமமாகப் பிரிந்ததா என்றும் பாருங்கள். ஒரு கடையில் எக்ஸ்எல் தேங்கும், இன்னொரு கடையில் அதுவே தட்டுப்பாடாக இருக்கும்.

கேள்வி: டெக்ஸ்டைல் பாடம் எவ்வளவு ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும்?

தயாரிப்புப் பக்கம் போவதாக இருந்தால் ஆழமாகவே. பின்னல் துணியா நெசவுத் துணியா, நூல் எண் (நூல் எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்வது), ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), சுருக்கம், சாயம் நிற்கும் தன்மை இவை கட்டாயம். சாதாரண டி ஷர்ட்டுக்கான சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணி பெரும்பாலும் 140 முதல் 180 ஜி.எஸ்.எம்முக்குள் இருக்கும். அதைத் தொட்டுச் சொல்லப் பழகுங்கள்.

சுருக்கத்தில் ஒரு சின்ன வலை: துவைத்தபின் நீளம் 70 சென்டிமீட்டர் வேண்டும், துணி 5% சுருங்கும் என்றால் 70உடன் 5% கூட்டி 73.5 வெட்டக் கூடாது. 70 ÷ 0.95, அதாவது 73.7. இங்கே வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தான். சுருக்கம் கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும்.

நிறத்தை போன் படத்தில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். லேப் டிப்பை (ஒப்புதலுக்காகச் சாயம் போட்டு அனுப்பும் சிறு துணித் துண்டு) விளக்குப் பெட்டியில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கான டி65லும் பையர் சொன்ன கடை விளக்கிலும் பார்க்க வேண்டும். ஒரு வெளிச்சத்தில் பொருந்தும் இரண்டு துண்டுகள் இன்னொன்றில் பிரிந்து தெரிவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். பருத்தி உடம்பும் பாலியஸ்டர் ஜிப் நாடாவும் சேரும் ஆடையில் இது சுலபமாக வரும், ஏனென்றால் இரண்டுக்கும் போடும் சாய வகையே வேறு.

கேள்வி: டைம் அண்ட் ஆக்ஷன் காலண்டர் போடச் சொன்னார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஆர்டரின் ஒவ்வொரு வேலையும் எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்ற பட்டியல்தான் இது. கடைசியிலிருந்து தொடங்குங்கள். கப்பல் தேதியை எழுதி, பேக்கிங், தையல், வெட்டு, துணி வருகை, ஒப்புதல்கள் என்று பின்னோக்கி வாருங்கள். ப்ரீ புரொடக்ஷன் சாம்பிளுக்கு (மொத்த உற்பத்திக்கு முன் தைத்துக் காட்டும் மாதிரி) ஒப்புதல் வராமல் வெட்டக் கூடாது. லேப் டிப், சாம்பிள் இரண்டும் ஒரு தடவையாவது திரும்பி வரும் என்று நாள் ஒதுக்குங்கள்.

மாணவர்கள் எப்போதும் விட்டுவிடுவது கேர் லேபிள், அதாவது எப்படித் துவைக்க வேண்டும் என்று சொல்லும் துண்டு. பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் அது பக்கவாட்டுத் தையலுக்குள் செருகித் தைக்கப்படுவது. லேபிள் வாசகத்துக்கு ஒப்புதல் தாமதமானால் துணி, நூல், ஆள் எல்லாம் தயாராக இருந்தும் தையல் லைன் நிற்கும்.

கேள்வி: ஏ.க்யூ.எல் 2.5 என்றால் 2.5% குறைபாடு வரை அனுமதியா?

அப்படி நேராக எடுக்கக் கூடாது. ஏ.க்யூ.எல் என்பது ஏற்கத்தக்க தர அளவு. ஒரு லாட்டிலிருந்து (மொத்தமாக வந்த சரக்கு) சில பீஸ்களை மட்டும் எடுத்துச் சோதிக்கும் அட்டவணையில் எந்த நெடுவரிசையைப் பார்க்க வேண்டும் என்பதை அது சொல்லும். பொது நிலை இரண்டில் (வழக்கமான சோதனை நிலை) 1201 முதல் 3200 பீஸ் வரையுள்ள லாட்டுக்கு 125 பீஸ் எடுப்பார்கள். குறையுள்ளவை 7 வரை வந்தால் லாட் தேறும், 8 வந்தால் மொத்தமும் நிராகரிப்பு.

கேள்வி: மார்க்கெட்டிங் தாளில் பிரசார லாபக் கணக்கு போட்டேன். மதிப்பெண் போய்விட்டது. 1000 கிளிக், ஒரு கிளிக்குக்கு 5, நூற்றுக்கு 2 பேர் வாங்கினார்கள், ஆர்டருக்கு 250 செலவு என்று எழுதினேன்.

ரிட்டர்ன் எங்கே? ஆன்லைனில் ஆடை விற்றால் அளவு சரியில்லை என்று திரும்பி வந்தே தீரும். 20 ஆர்டரில் 6 திரும்பினால் நிற்பது 14. செலவு 5000 ÷ 14 = 357. மேலே சொன்ன 600 லாபத்தில் மிஞ்சுவது 350 அல்ல, 243. அதிலும் திரும்பி வந்த கூரியர் செலவு இன்னும் கழியவில்லை.

கேள்வி: எக்செலில் எதைக் கற்றுக்கொள்வது?

பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் காட்டும்), சம்இஃப்ஸ் (நிபந்தனைக்கு ஏற்பக் கூட்டும்), வீலுக்கப் அல்லது எக்ஸ்லுக்கப் (ஒரு ஸ்டைல் எண்ணுக்குரிய விலையை வேறு அட்டவணையிலிருந்து தேடி எடுக்கும்). வீலுக்கப்பின் நான்காவது இடத்தில் பூஜ்யம் போடாவிட்டால் அது ‘ஏறக்குறைய’ பொருந்தும் வரியை எடுத்துவரும். பிழை என்று காட்டாது, தப்பான விலையை அமைதியாக உட்கார வைக்கும். ஸ்டைல் எண்கள் 00417 போல இருந்தால் அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்குங்கள். இல்லையேல் முன் பூஜ்யங்கள் காணாமல் போகும்.

கேள்வி: கடைசி வருட புராஜெக்டுக்கு 100 பேரிடம் சர்வே எடுக்கலாமா?

‘இந்த ஆடையை வாங்குவீர்களா’ என்று நண்பர்களைக் கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பதில் இரண்டு கடைகளில் ஒரு பிரிவை மட்டும், உதாரணமாகப் பெண்கள் ஜீன்ஸ், ஆறு வாரம் எண்ணுங்கள். அனுமதி கேட்டுவிட்டு, வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். ஸ்டைல் எத்தனை, விலைப்படிகள் என்னென்ன, எந்த சைஸ் இல்லை, எந்த வாரம் விலை குறைந்தது, எந்த ரேக்குக்கு நகர்ந்தது. மூன்றாவது வாரத்திலேயே எந்தக் கடை எதை அதிகமாக வாங்கிவிட்டது என்று கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். எண்ணிய தாள்களை அப்படியே வைத்திருங்கள், நேர்காணலில் மூட்போர்டுக்கு (படங்கள், துணித் துண்டுகள் ஒட்டிய யோசனைப் பலகை) முன்னால் அவற்றை எடுத்துக் காட்டலாம்.