பையர் கேட்கும் ‘பாதி’: செப்டம்பர் 2025 கேள்வி பதில்

திருப்பூரில் முப்பது ஆண்டுகள் ஏற்றுமதி ஆவணங்களோடு மல்லுக்கட்டியவன் நான். பனியனைப் பற்றிக் கேளுங்கள். அமெரிக்க இறக்குமதி வரி எப்போது இறங்கும் என்று கேட்காதீர்கள். இங்கே வரும் வரி விகிதங்கள் எல்லாம் செப்டம்பர் 2025 நிலவரம்.

அவிநாசி: ஐயா, அமெரிக்க வரியில் பாதியை நாங்கள் ஏற்க வேண்டுமாம். டி-சர்ட் 4 டாலர். 1 டாலர் குறைக்கச் சொல்கிறார் பையர் (அங்கே சரக்கு வாங்குபவர்). நியாயமா?

பதில்: காகிதத்தை எடுங்கள், தம்பி. பருத்தி டி-சர்ட்டுக்குப் பழைய வரி 16.5 சதவீதம், வரியோடு சேர்த்து அவர் அடக்கம் 4.66 டாலர். ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதம், 27-இல் மேலும் 25 கூடியதால் வரி 66.5 சதவீதம், அடக்கம் 6.66. கூடியது 2 டாலர், பாதி 1 டாலர் என்கிறார். ஆனால் நீங்கள் விலையை 3 டாலராக்கினால் வரியும் அதன் மேல்தானே விழும்? அவருக்கு 5 டாலருக்குள் முடிந்துவிடும். அவர் சுமப்பது 34 சென்ட்கூட இல்லை! உண்மையான பாதி என்றால் விலை 3.40. அறுபது சென்ட்டுக்கு மேல் பேசாதீர்கள். எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கரூர்: கணக்கெல்லாம் சரி, அண்ணா. வங்கதேசத்துக்குக் கூடுதல் வரி 20 சதவீதம்தானே? பையர் அங்கே போய்விட்டால்?

பதில்: போகலாம். அங்கும் அதே 4 டாலர் என்றால், பழைய 16.5-ஐயும் சேர்த்து அவருக்கு 5.46 ஆகும். அதற்கு ஈடுகொடுக்க நீங்கள் 3.28-க்கு இறங்க வேண்டும்.

கரூர்: அப்படியானால் அறுபது சென்ட் போதாது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

பதில்: ஒப்புக்கொள்கிறேன், 72 சென்ட். ஒரு டாலர் இல்லையே! நூல்காரரும் சாயப்பட்டறையும் பவர்டேபிள் தையல்காரரும் உங்களுக்காகக் கால்பங்கு குறைத்துக்கொண்டார்களா?

பல்லடம்: வரி எப்போது குறையும்?

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள்.

ஈரோடு: வங்கதேச லேபிள் ஒட்டி அனுப்பினால்?

பதில்: தைத்த இடம்தான் பிறப்பிடம். பிடிபட்டால் 40 சதவீதத் தண்ட வரியும் அபராதமும். அடுத்தவர்.

கோவை: பம்புக்கு எவ்வளவு வரி?

பதில்: என் துறை இல்லை. இரும்பு, அலுமினியப் பொருள்களுக்கு அமெரிக்கச் சட்டத்தின் 232-ஆம் பிரிவு என்று தனிக் கணக்கு உண்டு. சுங்க முகவரிடம் போங்கள்.

பெருந்துறை: இ.சி.ஜி.சி. (ஏற்றுமதிக் கடன்) காப்பீடு இருக்கிறது. பயமில்லையே?

பதில்: அம்மணி, பையர் திவாலானால் கைகொடுக்கும். ‘தரம் சரியில்லை’ என்று அவர் ஒரு வரி எழுதிவிட்டால், அவர் நாட்டு நீதிமன்றத்தில் நீங்கள் வென்று வரும்வரை பணம் வராது. வரி ஏறிய நாளிலிருந்து திடீரென்று தையல் கோணலாகத் தெரியும் பையர்கள் உண்டு. என்னிடமே ஒருவர் 40 அட்டைப்பெட்டிகளை அப்படித் திருப்பினார். பேக்கிங்குக்கு முன் அவர் ஆளே செக்கிங் செய்து போட்ட கையெழுத்து எங்களிடம் இருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் பணம் வந்தது. எழுத்தில் வாங்குங்கள்.

காங்கேயம்: பையர் டி.டி.பி. முறை (வரி கட்டி அவர் இடத்தில் ஒப்படைப்பது) கேட்கிறார், விலை நன்றாகவே தருகிறார்.

பதில்: தருவார். அதில் வரி கட்டுவது நீங்கள். சரக்கு கடலில் இருக்கும்போது வரி ஏறினாலும் நீங்கள்தான். கப்பலில் ஏற்றுவதோடு உங்கள் பொறுப்பு முடியும் எஃப்.ஓ.பி. முறையை விடாதீர்கள்.

தாராபுரம்: ஐயா, வரி தீபாவளிக்குள் குறையுமா?

பதில்: டீ ஆறுகிறது. நாளை பார்ப்போம்.