ஒரே ஒரு பேஷண்டைப் பத்தி எழுதுற கேஸ் ரிப்போர்ட்டால என்ன பிரயோஜனம்?

நான் பாம்பன் பக்கம் டாக்டரா இருக்கேன். ஒரு பழைய கேஸ் ரிப்போர்ட் எனக்கு எப்படி உதவுச்சுன்னு சொல்றேன், பிரயோஜனம் இருக்கா இல்லையான்னு நீங்களே பாருங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி, நாட்டுப்படகுல போயிட்டு வந்த ஒரு அண்ணனைத் தூக்கிட்டு வந்தாங்க. வலையில மீன் கழட்டும்போது முள்ளு குத்திருச்சுன்னார், வீக்கம் இல்ல, விரல்ல ரெண்டு புள்ளி மட்டும், ஆனா உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி நோவுதுங்கறார், வாயைத் திறக்கச் சொன்னா தாடை ஒரு விரக்கடைக்கு மேல திறக்கல. அப்பதான் எப்பவோ படிச்ச ரெண்டு பக்கம் ஞாபகம் வந்துச்சு, கடல்பாம்பு கடிச்ச ஒரு மீனவரைப் பத்தினது. யூரின் பிடிச்சுப் பார்த்தா வரக்காப்பி நிறம். அந்த விஷம் தசையை அழிக்கும், அந்தக் கழிவு கிட்னியைப் பாழாக்கும், பொட்டாசியம் ஏறினா இதயமே நின்னுரும். நம்மகிட்ட இருக்கிற விஷமுறிவு ஊசி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்குத்தான், கடல்பாம்புக்கு வேற மருந்து, அது ஆஸ்திரேலியால தயாராகுது. சலைன் ஏத்தி, டயாலிசிஸ் வசதி இருக்கிற இடத்துக்கு உடனே அனுப்பினோம், பிழைச்சுட்டார்.

இதுக்கெல்லாம் ஆயிரம் பேரைச் சேர்த்து ட்ரையல் நடத்த முடியுமா சொல்லுங்க? பார்த்தவன் எழுதினாத்தான் உண்டு.

ஒரு ஆளுக்குச் சரியாச்சுன்னா எல்லாருக்கும் ஆகும்னு சொல்ல முடியாது, ஒத்துக்கிறேன். ஆனா கேள்வியே அங்கதான் பிறக்குது. பிரான்ஸ்ல போர்டோ நகரத்துல ஒரு குழந்தைக்கு மூக்குல பெரிய ரத்தக்குழாய்க் கட்டி (ஹெமாஞ்சியோமா), ஸ்டீராய்டு கொடுத்ததுல இதயப் பிரச்சனை வந்துச்சு, அதுக்காக ப்ராப்ரனலால்ங்கிற இதய மருந்து கொடுத்தா மறுநாளே கட்டியோட செக்கச்செவேல்னு இருந்த நிறம் மாறி இளகிருச்சு. 2008ல 11 குழந்தைகளோட விவரத்தைச் சின்னக் கடிதமா வெளியிட்டாங்க, அப்புறம்தான் முறையான ட்ரையல், இன்னைக்கு இந்தக் கட்டிக்கு மருந்து தேவைன்னா முதல்ல கொடுக்கிறது அதுதான். எய்ட்ஸும் 1981 ஜூன்ல லாஸ் ஏஞ்சலஸ்ல 5 பேரைப் பத்தின ரிப்போர்ட்டாத்தான் வெளிய தெரிஞ்சுச்சு.

அந்த அண்ணனைப் பத்தி நான் எழுதினதை ஒரு மருத்துவ ஜர்னல் கேஸ் ரிப்போர்ட்டே எடுக்கறதில்லைன்னு திருப்பிருச்சு. இதை மத்தவங்க மேற்கோள் காட்டுறது கம்மி, அதனால இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது மேற்கோளை வச்சு ஜர்னலுக்குப் போடுற மதிப்பெண், குறையும், அந்தக் கணக்குதான். கோவமா வந்துச்சு, ஏன்னா இந்தக் கரையில நடக்கிறதை வேற யார் எழுதுவா?

திரும்ப எழுத உக்காந்தேன். கேஸ் ரிப்போர்ட் எப்படி எழுதணும்னு 2013ல வந்த கேர் (CARE) வழிகாட்டி, எது எப்ப நடந்துச்சுன்னு வரிசையா எழுதணும், பேஷண்ட் சம்மதம் வாங்கணும், அவர் பார்வையையும் சேர்க்கணும்னு சொல்லுது. அண்ணன் வீட்டுக்கே போய்ப் படிச்சுக் காட்டினேன். கடிச்சது ஆறு மணின்னு எழுதியிருந்தேன். "இல்ல தம்பி, அப்ப விடியவே இல்ல, டார்ச்சைப் பிடிச்சுத்தான் மீன் கழட்டுனோம், நாலரைதான் இருக்கும்"னார். ஏழரைக்குத்தான் தாடை இறுகுச்சு, அப்போ ஒன்றரை மணி நேரம் இல்ல, மூணு மணி நேரம். அவர் முன்னாடியே திருத்திட்டு, அப்புறம்தான் கையெழுத்து வாங்கினேன்.