அம்மாவுக்கு விலை குறைந்த மாத்திரைக்கு மாறினோம், இப்போது தலை சுற்றுகிறது என்கிறார்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. அம்மாவுக்கு 61 வயது. பத்து வருடமாக பி.பி., சுகர், கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதற்கும் முன்பிருந்தே வலிப்புக்காக ஃபெனிடோயின் 100 மி.கி. மாத்திரை, ராத்திரியில் மூன்று. மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு அங்கேயே கீழே இருக்கும் மெடிக்கலில் வாங்குவோம், மாதம் 1,200 ரூபாய் ஆகும். இரண்டு மாதமாக முதல்வர் மருந்தகத்தில் வாங்குகிறோம். வலிப்பு மாத்திரையை மட்டும் ஊர் மெடிக்கலில் வாங்கினோம். போன மாதம் அங்கே, "அந்தக் கம்பெனி வரல, இதுவும் அதுதான்" என்று வேறு அட்டை கொடுத்தார்கள். மொத்தச் செலவு 400-க்குள் அடங்கிவிட்டது. ஆனால் மூன்று வாரமாக அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது, நடை தள்ளாடுகிறது. பக்கத்து வீட்டு அத்தை, "விலை கம்மின்னா பவரும் கம்மிதான்" என்கிறார். எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடலாமா?

பதில் (ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர், மதுரை):

மற்றதெல்லாம் பிறகு. தலைசுற்றலோடு நடையும் தள்ளாடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரம் பொறுத்ததே அதிகம். இன்றோ நாளையோ அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உசிலம்பட்டி அரசு மருத்துவமனையானாலும் சரி, மதுரைக்கு வந்தாலும் சரி. பேச்சுக் குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, எந்நேரமும் தூங்கி வழிந்தாலோ நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காமல் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து.

இனி உங்கள் அத்தை சொன்னதற்கு வருகிறேன். பவர் குறைந்த மாத்திரை என்றால் என்ன நடக்க வேண்டும்? பி.பி. ஏற வேண்டும், சர்க்கரை ஏற வேண்டும், அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வர வேண்டும். அம்மாவுக்கு நடப்பது அதுவல்ல. எழுந்தால் கிறுகிறுப்பு, நடந்தால் தள்ளாட்டம். உடம்பில் மருந்து குறைந்ததைவிட, கூடியிருப்பதற்கான அடையாளம்தான் இது. அதனால் விலையை விட்டுவிட்டு, எந்த மருந்து எப்படிக் கூடியது என்று தேடுவோம். எனக்கு இரண்டு சந்தேகம்.

முதல் சந்தேகம், ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போவது. அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன் நான். ஒருநாள் செல்லூர்ப் பெரியவர் ஒருவர் மஞ்சப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஏழு அட்டை விழுந்தது. அதில் மூன்று, மூன்று நிறத்தில், மூன்று பெயரில் இருந்தன. திருப்பிப் பார்த்தால் மூன்றும் அம்லோடிபின், பி.பி. மாத்திரை. ஒன்று நாங்கள் கொடுத்தது, ஒன்று தனியார் டாக்டர் எழுதியது, ஒன்று ஏதோ முகாமில் வாங்கியது. "டாக்டருங்க குடுத்த எதையும் நான் விடலைய்யா" என்றார். கால் இரண்டும் செருப்பு நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது. அம்லோடிபின் அதிகமானால் கால் அப்படி வீங்கும். அவர் செய்த தப்பு என்று ஒன்றுமே இல்லை. யாரும் அவரிடம், பெயர்தான் வேறு, மருந்து ஒன்று என்று சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய அட்டைகள் மிச்சம் இருக்கும். இன்று சாயங்காலம் அம்மாவின் மாத்திரை அத்தனையையும் ஒரு தட்டில் கொட்டுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, டெல்மிசார்டன், மெட்ஃபார்மின், அட்டோர்வாஸ்டாட்டின் என்று இருக்கும் மருந்தின் பெயரையும் எத்தனை மி.கி. என்பதையும் படியுங்கள். கூட்டு மாத்திரை என்றால் நடுவில் கூட்டல் குறி போட்டு இரண்டு மூன்று பெயர் இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். பி.பி. மாத்திரை இரட்டிப்பானால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். சில சுகர் மாத்திரைகள் இரட்டிப்பானால் சர்க்கரை இறங்கி வேர்த்துக்கொட்டும், மயக்கம் வரும். டாக்டரிடம் போகும்போது பி.பி.யை உட்கார்ந்து ஒரு தரம், நின்று ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது சந்தேகம்தான் எனக்குப் பெரியது. போன மாதம் மாறிய அந்த ஃபெனிடோயின்.

மற்ற மாத்திரைகளுக்கு நான் சொல்லும் "தாராளமாக மாறுங்கள்" என்பதை இந்த மாத்திரைக்குச் சொல்ல மாட்டேன். இந்த வகையில் இன்னும் சில மருந்துகள் உண்டு. அவை உங்கள் அம்மாவிடம் இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன். ஃபெனிடோயினில் என்ன விசேஷம்? ஒரு கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்து வருகிறது, மடை வழியாகத் தண்ணீர் வெளியேறுகிறது. பெரும்பாலான மருந்துகளில் வரத்துக் கூடினால் மடையும் கூடுதலாகத் திறந்துகொள்ளும். ஃபெனிடோயினுக்கு ஈரல்தான் மடை, அது ஒரு அளவுக்கு மேல் திறக்காது. அந்த அளவை ஒட்டி நிற்கும் நோயாளிக்குத் தினம் ஒரு சொம்பு தண்ணீர் கூடுதலாக வந்தாலும் போதும், கண்மாய் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தள்ளாட்டம் வரும், கண் ஆடும், பேச்சுக் குழறும். ஏதோ குடித்துவிட்டு நடப்பதுபோல் இருக்கும். ஊரில் அப்படியே பேசவும் பேசுவார்கள்.

ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். 1968-69-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில், வருடக்கணக்கில் ஃபெனிடோயின் சாப்பிட்டு நன்றாக இருந்த பலருக்கு ஒரே காலத்தில் மருந்து அதிகமாகிப் போன அறிகுறிகள் வந்தன. மருந்தின் அளவு 100 மி.கி. அப்படியேதான் இருந்தது. மாறியது, கேப்ஸ்யூலை நிரப்பப் போடும் வெறும் மாவு. கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ் போட்டார்கள். பழைய மாவு மருந்தில் ஒரு பங்கை உடம்புக்குள் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. புது மாவு விட்டுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. அந்த ஊரில் யாரும் மலிவு மாத்திரைக்கு ஆசைப்பட்டு மாறவில்லை. கெடுதல் செய்தது விலை இல்லை, சொல்லாமல் நடந்த மாற்றம்.

ஆகவே அம்மாவின் ரத்தத்தில் ஃபெனிடோயின் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். மதுரையில் பெரிய லேப்களில் ரத்தம் கொடுத்தால் செய்து தருவார்கள். அதற்கப்புறம் எந்தக் கம்பெனி மாத்திரையில் நிற்கிறீர்களோ அதிலேயே நில்லுங்கள். விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றிலேயே நிற்க வேண்டும். ஒரு மாதம் இது, மறு மாதம் அது என்பது மட்டும் இந்த மாத்திரையில் கூடவே கூடாது. கடையில் அட்டை தீரும் வரை காத்திருக்காமல் பத்து நாள் முன்னாலேயே சொல்லி வைத்து வாங்குங்கள். கிடைக்கவில்லை, மாற்றியே ஆக வேண்டும் என்றால் டாக்டரைக் கேட்டு மாற்றி, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ரத்தம் பாருங்கள்.

சரி, பி.பி., சுகர், கொழுப்பு மாத்திரைகள்? அவற்றைப் பழையபடி மாற்ற எந்த அவசியமும் இல்லை. தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1990-களின் நடுவிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு, கம்பெனி வைத்த பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே வரும் ஜெனரிக் மாத்திரைகளைத்தான் வாங்கிக் கொடுக்கிறது. ஒவ்வொரு பேட்சையும், அதாவது ஆலையில் ஒரே தடவையில் தயாரான சரக்கை, லேப்பில் சோதித்த பிறகுதான் அனுப்புவார்கள். பெரியாஸ்பத்திரியில் அதைச் சாப்பிட்டு வருடக்கணக்கில் பி.பி.யைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களில் கிடைப்பதும் பெரும்பாலும் இதே வகைதான். பவர் இருக்கிறதா இல்லையா என்று அத்தையோடு வாதாட வேண்டாம், அளந்து பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் பி.பி.யும் சுகரும் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரைக்கு ஒரு பரிசோதனை உண்டு, அதையும் ஒரு தரம் பாருங்கள். எண் சரியாக இருந்தால் மாத்திரையும் சரி. மெட்ஃபார்மினில் மட்டும் பழைய அட்டையில் எஸ்.ஆர். என்ற எழுத்து இருந்ததா, புது அட்டையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அது மெதுவாகக் கரையும் வகை. சாதா வகைக்கு மாறினால் சிலருக்கு வயிறு புரட்டும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. "பழைய" மாத்திரை என்று நீங்கள் நினைப்பது என்ன? டாக்டர் வீட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் வாங்கியது. அந்த அட்டையில் ஒன்றை எடுத்துக்கொண்டு கோரிப்பாளையத்தில் ஐந்து கடை ஏறி இறங்குங்கள். ஒரு கடையிலும் இல்லை என்றால் அது அந்தக் கடைக்காகவே பெயர் போட்டு வரும் சரக்கு. அட்டையில் தயாரித்தவர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்று இரண்டு பெயர் இருக்கும். தயாரித்தது இமாச்சலப் பிரதேசத்தில் ஏதோ ஒரு ஆலையாக இருக்கலாம். அதே ஆலையில் இன்னும் பல பெயர்களில் அதே மாத்திரை வெளியே வரும். மாத்திரை மோசம் என்று சொல்லவில்லை. நீங்கள் 1,200 ரூபாய் கொடுத்ததும் ஒரு ஜெனரிக்குக்குத்தான், பெயர்ப் பலகை மட்டும் மாட்டியிருந்தது என்று சொல்கிறேன்.

ஊர் மெடிக்கல் விஷயமும் இப்படித்தான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு கடையில் மருந்தாளுநராக உட்கார்ந்தேன். நான்கு மாதம்தான் தாங்கினேன். முதலாளி காலையில் வந்து சில பெட்டிகளைக் கைக்கெட்டும் தட்டில் அடுக்குவார். "சார், யார் என்ன கேட்டாலும் இத மொதல்ல தள்ளுங்க" என்பார். அட்டையில் 90 ரூபாய் என்று அடித்திருக்கும், கடைக்கு வந்து சேர்ந்தது 18 ரூபாய்க்கு. வருகிறவருக்கு 20 சதவீதம் தள்ளுபடி என்று வெளியே பலகை. 72 ரூபாய்க்கு வாங்கி, மிச்சம் பிடித்த சந்தோஷத்தோடு போவார்கள். அத்தியாவசிய மருந்துகளுக்கு அரசு உச்ச விலை போடும்போது கடைக்காரர் லாபமாக 16 சதவீதம் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது. அந்த உச்சத்துக்குள் நின்றுகொண்டு 18-ஐ 90 என்று அச்சடித்தால் கேட்க ஆளில்லை. ஆகவே "ஜெனரிக் இருக்கு" என்று கடைக்காரர் சொன்னவுடன் விலை குறைந்துவிட்டது என்று நம்பாதீர்கள். முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ அதே மருந்து என்ன விலை என்று ஒருமுறை விசாரித்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

சீட்டில் எழுதிய மாத்திரைக்குப் பதில் வேறொன்றைக் கடைக்காரர் தானாகக் கொடுக்கக் கூடாது என்று மருந்து விதிகளிலேயே இருக்கிறது. மருந்தாளுநர் நின்றுதான் சீட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்று 1948-லேயே சட்டம் போட்டாயிற்று. கடையில் போய்ப் பாருங்கள், சுவரில் சான்றிதழ் தொங்கும், அதற்குரிய ஆள் இருக்க மாட்டார். பத்தாவது படித்த பையன் அட்டையை கத்தரியால் வெட்டி, காலாவதி தேதி இருக்கும் முனையைத் தன் டப்பாவிலேயே வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பான். டாக்டர்கள் மருந்துப் பெயரையே எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டு 2-ல் புது விதி வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அதை நிறுத்தியும் வைத்துவிட்டார்கள். டாக்டர் பிராண்ட் எழுதுகிறார், கடைக்காரர் தனக்கு லாபமான பிராண்டைக் கொடுக்கிறார், நடுவில் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாத ஒரு அம்மா நிறத்தை வைத்து மாத்திரையை அடையாளம் பிடிக்கிறார். இதில் தவறு நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். முப்பது வருடம் இதைப் பார்த்தவன் என்பதால் கோபமாகவே எழுதுகிறேன்.

பெயரும் தேதியும் இல்லாமல் வெட்டின அட்டையை வாங்காதீர்கள். பத்து மாத்திரை போதும் என்றாலும் பெயரும் தேதியும் இருக்கிற துண்டாகக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் பில் கேளுங்கள், அதில் பேட்ச் எண் இருக்கும்.

டாக்டரிடம் போகும்போது தட்டில் கொட்டிய அத்தனை அட்டையையும், காலி அட்டைகளையும் சேர்த்து எடுத்துப் போங்கள். முக்கியமாகப் பழைய ஃபெனிடோயின் அட்டை ஒன்றாவது தேடி எடுங்கள். குப்பைக்குப் போயிருந்தால் பழைய பில்லைப் பாருங்கள், அதுவும் இல்லை என்றால் கீழ்க்கடையில் போன மாதங்களின் பில்லைக் கேட்டு வாங்குங்கள், கம்ப்யூட்டரில் இருக்கும். பழையது எந்தக் கம்பெனி, புதியது எந்தக் கம்பெனி, எந்தத் தேதியில் மாறியது, தள்ளாட்டம் எந்தத் தேதியில் ஆரம்பித்தது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுத்தால், ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே அவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.