பத்து நிமிடப் பொய்

அன்புள்ள ஐயா,

ஏப்ரல் 1 அன்று எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு விளையாட்டு விளையாடினேன். அக்கா வந்துகொண்டிருந்த விமானம் புயலில் சிக்கிவிட்டது, தொடர்பு கிடைக்கவில்லை என்று எழுதினேன். பத்து நிமிடம் கழித்து 'ஏப்ரல் ஃபூல்' என்று போட்டேன். அக்கா இறங்கியதும் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். அம்மாதான் இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை. உலகம் முழுக்க இந்த மாதிரி விளையாட்டு இருக்கிறது. அதுவும் போக, இந்தக் காலத்தில் மழைக்கும் இடிக்கும் விமானம் விழுமா என்ன? அம்மா இவ்வளவு கோபப்படுவது நியாயமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நியாயம்தான். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் இதில் நான் அம்மா பக்கம்.

உலகம் முழுக்க உண்டு என்கிறீர்கள். சரி, எனக்கும் அந்த வழக்கங்கள் பிடிக்கும். பிரான்ஸில் பிள்ளைகள் காகித மீன் வெட்டி, ஆளுக்குத் தெரியாமல் முதுகில் ஒட்டிவிட்டு 'ஏப்ரல் மீன்' என்று கத்துவார்கள். ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றிலும் டிசம்பர் 28 அந்த நாள். பைபிளில் வரும் ஏரோது மன்னன் கொல்லச் சொன்ன குழந்தைகளை நினைக்கும் துக்க நாள் அது. எப்படியோ குறும்பு நாளாகவும் ஆகிவிட்டது. மாட்டிக்கொண்டவரைப் பார்த்து 'அப்பாவி!' என்று அவர்கள் மொழியில் கூவுவார்கள். ஈரானில் நவ்ரூஸ் என்ற புத்தாண்டு பிறந்த பதின்மூன்றாம் நாள், வீட்டை விட்டுக் கிளம்பி வெளியில் பசுமையான இடங்களில் பொழுதைக் கழிப்பார்கள். அன்றைக்குச் சொல்லும் பொய்க்கு 'பதின்மூன்றின் பொய்' என்று பெயரே உண்டு. பிரிட்டனில் நண்பகலோடு கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஏமாற்றப் பார்ப்பவர்தான் முட்டாள். 1957இல் பிபிசி தொலைக்காட்சி, ஸ்விட்சர்லாந்தில் ஒரு குடும்பம் மரத்திலிருந்து ஸ்பகெட்டி (மாவில் செய்யும் நூடுல்ஸ்) பறிப்பதைக் காட்டியது. அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று போன் செய்து கேட்டவர்கள் உண்டு.

இவற்றில் ஏமாந்தவர் என்ன ஆகிறார்? முதுகில் மீனோடு நாலு அடி நடக்கிறார், இல்லாத மரத்தை நம்புகிறார். உண்மை தெரிந்ததும் அவரும் சேர்ந்து சிரிக்க முடிகிறது. உங்கள் அம்மாவுக்கு அந்தப் பத்து நிமிடமும் மகள் இல்லை. இதை மீனோடு சேர்க்காதீர்கள்.

அடுத்தது, விமானம் விழுமா என்ற கேள்வி. மின்னல் தாக்கியதால் மட்டும் விழுவது மிக அரிது. அதைத் தாங்கும்படிதான் விமானத்தைக் கட்டுகிறார்கள். காற்று வேறு மாதிரி. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று தூண்போலக் கீழே கொட்டித் தரையில் மோதி நாலாபுறமும் சிதறும். மைக்ரோபர்ஸ்ட் என்பார்கள். தரையிறங்கும் விமானத்துக்கு முதலில் பலமான எதிர்காற்று கிடைக்கும், வேகம் கூடியதுபோல் தெரியும். சில நொடிகளில் காற்று மேலிருந்து அமுக்கும். அப்புறம் பின்னாலிருந்து வரும், இறக்கை தூக்கும் விசை குறைந்துவிடும். தரைக்குப் பக்கத்தில் இது நடந்தால் சுதாரிக்க உயரம் இருக்காது.

1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் இப்படித்தான் ஈஸ்டர்ன் 66 என்ற பயணிகள் விமானம் விழுந்தது. 113 பேர் இறந்தார்கள். அதற்குச் சற்று முன்னால் இறங்கிய ஒரு சரக்கு விமானத்தின் விமானி, காற்று மோசமாக இருக்கிறது, ஓடுபாதையை மாற்றுங்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லியிருந்தார். மாற்றவில்லை. அந்த விபத்தை ஆராய்ந்த ஃபுஜிதா என்ற வானிலை அறிஞர் இந்தக் கொட்டும் காற்றைப் பற்றிச் சொன்னபோது முதலில் பலர் ஏற்கவும் இல்லை. 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸில் டெல்டா 191 அதே மாதிரி விழுந்து 137 பேர் போனார்கள். விமான நிலையங்களில் காற்றின் வேகத்தைக் கண்டறியும் டாப்ளர் ரேடாரும், விமானத்துக்குள்ளேயே எச்சரிக்கும் கருவியும் பரவியது அதற்குப் பிறகுதான். இன்றைக்கு நாம் நிம்மதியாகப் பறக்கிறோம் என்றால் அவற்றால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் கேனரி தீவுகள். லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் ஒரு குண்டு வெடித்தது. அது நிஜம். இன்னொரு குண்டும் இருக்கிறது என்று தொலைபேசியில் மிரட்டல் வந்தது. இரண்டாவது குண்டு வெடிக்கவே இல்லை. ஆனால் நிலையத்தை மூடி, விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனெரிஃபேவின் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே மூடுபனி இறங்கியது. ஒரு போயிங் 747 அனுமதி கிடைக்காமலே கிளம்பி, ஓடுபாதையில் இருந்த இன்னொரு 747மேல் மோதியது. 583 பேர் இறந்தார்கள்.

மூடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பொய்யாக இருக்கும் என்று அவர்கள் விட்டிருக்க முடியாது. பறப்பதைப் பற்றி ஒரு கெட்ட செய்தி வந்தால் நம்பித்தான் ஆக வேண்டும். கென்னடியில் அந்தச் சரக்கு விமானியின் பேச்சை எடுத்துக்கொள்ளாததால் என்ன நடந்தது என்று பார்த்தோம். உங்கள் அம்மாவும் நம்பினார். சொன்னது மகன் வேறு.

'விளையாட்டுக்குத்தானே' என்று ஆரம்பிக்காமல் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அக்கா அடுத்த முறை பயணம் போகும்போது, பத்திரமாக இறங்கிவிட்டாள் என்பதை அம்மாவுக்கு முதலில் நீங்கள் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் வேண்டாம், கூப்பிட்டே சொல்லுங்கள்.

அன்புடன்.