தோசையா, சாம்பார் சாதமா: குவெரி பிளான் பத்தி ஒரு கடிதம்

அண்ணா வணக்கம்,

திருப்பூர்ல ஒரு சின்ன கம்பெனில டெவலப்பரா சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. எங்க ரிப்போர்ட்டுக்கான குவெரி (டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்வி) ஒண்ணு ஓடி முடிய 29 செகண்ட் எடுக்குது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்தான், கஸ்டமர் டேபிள்ல 6 லட்சம் ரோ (வரிசை), ஆர்டர் டேபிள்ல 40 லட்சம். சீனியர் "எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டுப் பாரு"ன்னு சொல்லிட்டு டீ குடிக்க போயிட்டார். குவெரியை எந்த வழில ஓட்டுதுன்னு பிளான் காட்டற கமாண்டாம், போட்டேன், தலையும் புரியல வாலும் புரியல. காஸ்ட்னு வர்றது செகண்டா மில்லிசெகண்டா? மாவட்ட டேபிள்ல சீக்வென்ஷியல் ஸ்கேன்னு (டேபிளை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிக்கறது) இருந்துச்சு, அது வந்தாலே தப்புன்னு எங்கயோ படிச்சேன், உடனே ஒரு இண்டெக்ஸ் (சீக்கிரம் தேடறதுக்கான அடைவு) போட்டேன். அதே 29 செகண்ட், பிளான்ல அந்த இண்டெக்ஸ் பேரே வரல. பிளானை அப்படியே ஒட்டியிருக்கேன், எங்கேர்ந்து படிக்கணும்னு மட்டும் சொல்லுங்க. என் பேர் போட வேண்டாம்.

— ஒரு வாசகர்

தம்பி,

பிளானை மேலேர்ந்து கீழ படிச்சா புரியாது, ஏன்னா மேல இருக்கறதுதான் கடைசில நடக்கறது. ரொம்ப உள்ள தள்ளி இருக்கற வரிக்கு முதல்ல போங்க, அங்க எடுத்த ரோவெல்லாம் அதுக்கு மேல இருக்கறவன் கைக்கு போகும், அவன் ஏதோ பண்ணி அவனுக்கு மேல இருக்கறவன் கிட்ட குடுப்பான், அப்படியே வெளிய வாங்க.

காஸ்ட் செகண்டும் இல்ல மில்லிசெகண்டும் இல்ல. டிஸ்க்ல ஒரு பேஜை வரிசையா படிச்சா 1, அங்கயும் இங்கயும் தாவி படிச்சா 4, இப்படி பிளானர் (எந்த வழில ஓட்டலாம்னு முடிவு பண்ற டேட்டாபேஸ் பகுதி) தனக்குத்தானே வச்சுக்கிட்ட ஒரு அளவு, அவ்வளவுதான். (அந்த 4 சுத்தற டிஸ்க் காலத்து கணக்கு, எஸ்எஸ்டி வச்சிருக்கவங்க நிறைய பேர் 1.1னு இறக்கி வச்சிருப்பாங்க.) ரெண்டு பிளான்ல எது மலிவுன்னு பிளானர் முடிவு பண்ண அது வேணும், உங்களுக்கு இப்ப வேண்டாம்.

மாவட்ட டேபிளுக்கு இண்டெக்ஸ் போட்டது பாவம் வீண் வேலை. 38 மாவட்டம், 38 ரோ, ஒரே ஒரு 8 கேபி பேஜ்ல அடங்கிடும். ஒரு பக்க புஸ்தகத்துக்கு பின்னாடி சொல்லடைவு எதுக்கு? பிளான்லயே பாருங்க, அந்த ஸ்கேனுக்கு ஆன நேரம் 0.02 மில்லிசெகண்ட். சீக்வென்ஷியல் ஸ்கேனை பாத்தாலே பதறது புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இருக்கற வியாதி, எனக்கும் இருந்துச்சு.

இப்ப நிஜ இடத்துக்கு வருவோம். ஒவ்வொரு வரிலயும் ரோ எண்ணிக்கை ரெண்டு தடவை இருக்கும், முதல் அடைப்புக்குள்ள இருக்கறது பிளானர் போட்ட ஊகம், ரெண்டாவது நிஜமா வந்தது. உங்க கஸ்டமர் டேபிள் வரிய பாருங்க: ஊகம் 540, வந்தது 18,000. எல்லா கோளாறும் இங்கதான் ஆரம்பிக்குது.

வீட்டுக்கு 15 பேர் வர்றாங்கன்னா ஒவ்வொருத்தருக்கா தோசை சுட்டு போடலாம், 500 பேர்னா அண்டாவ ஏத்தி சாம்பார் சாதம்தான். ரெண்டு டேபிளை சேக்கறதுக்கும் இப்படி ரெண்டு வழி: நெஸ்டட் லூப் (ஒவ்வொரு ரோவுக்கா போய் தேடறது) தோசை, ஹேஷ் ஜாயின் (மொத்தமா சேக்கறது) அண்டா. பிளானர் 540 பேர்தான்னு நம்பி தோசைக்கல்ல போட்டுட்டான், வந்து நின்னது 18,000. ஆர்டர் டேபிள் இண்டெக்ஸ் ஸ்கேன் வரிய நீங்க "1.5 மில்லிசெகண்ட்தானே"ன்னு தாண்டி போயிருப்பீங்க, ஆனா அது ஒரு தோசைக்கு ஆன நேரம், அதே வரி கடைசில லூப்ஸ் 18000னு இருக்கு பாருங்க, பெருக்குங்க: 27 செகண்ட். உங்க 29ல 27 அங்கயே போச்சு.

சரி, 540னு ஏன் தப்பா கணக்கு போட்டான்? உங்க குவெரில மாவட்டமும் கோவை, டிப்போவும் (சரக்கு கிடங்கு) கோவைன்னு ரெண்டு கண்டிஷன். கோவை மாவட்டத்து கஸ்டமர் 3 சதவீதம், கோவை டிப்போ கஸ்டமரும் 3 சதவீதம். போஸ்ட்கிரெஸ் டேபிள்ல ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனியாத்தான் கணக்கு வச்சிருக்கும், ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு நினைச்சு 6 லட்சத்துல 3 சதவீதம் 18,000, அதுல மறுபடி 3 சதவீதம் 540ன்னு பெருக்கிடுச்சு. கோவைக்காரனுக்கு கோவை டிப்போலேர்ந்துதான் சரக்கு போகும்னு நமக்கு தெரியும், அதுக்கு யார் சொன்னா?

நாமதான் சொல்லணும். கிரியேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு ஒரு கமாண்ட், பத்தாம் வெர்ஷன்லேர்ந்தே இருக்கு, அதுல டிபெண்டென்சீஸ்னு (ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தம் இருக்குன்னு) குடுத்து இந்த ரெண்டு நெடுவரிசையையும் சேத்து எழுதுங்க. எழுதிட்டு அந்த டேபிளுக்கு அனலைஸ் (எக்ஸ்ப்ளெயின் கூட வர்றது இல்ல, டேபிளோட கணக்கை புதுப்பிக்கற தனி கமாண்ட்) ஓட்ட மறக்காதீங்க, ஓட்டாம ஒண்ணும் மாறாது. வெறும் அனலைஸ் மட்டும் ஓட்டுன்னு சிலர் சொல்வாங்க, மொத்தமா டேட்டா ஏத்தின கையோட மெதுவாச்சுன்னா அது சரி, உங்க கேஸ்ல அது போதாது. நான் சொல்றதுல சந்தேகம் இருந்தா உங்க செஷன்ல மட்டும் நெஸ்டட் லூப்பை ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை ஓட்டி பாருங்க, ஹேஷ் ஜாயினுக்கு மாறி நேரம் இறங்குச்சுன்னா தெரிஞ்சு போயிடும். அதையே புரொடக்‌ஷன்ல நிரந்தரமா வச்சுடாதீங்க, வேற நூறு குவெரி அழும்.

இன்னொண்ணு. எக்ஸ்ப்ளெயின் மட்டும்னா ஊகம்தான், கூட அனலைஸ் சேத்தா குவெரி நிஜமாவே ஓடும். இது எனக்கு ஒரு பழைய ஆபீஸ்ல டெலீட் குவெரி ஏன் மெதுவா இருக்குன்னு பாக்க போய்தான் தெரிஞ்சுது, பிளான் அழகா வந்துச்சு, ரோவெல்லாம் போயே போச்சு, அன்னிக்கு ராத்திரி பூரா பேக்கப்லேர்ந்து எடுத்து ஏத்தினோம். அப்டேட், டெலீட்னா முன்னாடி பிகின் போட்டு, பிளான் பாத்ததும் ரோல்பேக் (செஞ்சதை ரத்து பண்றது) அடிச்சிடுங்க.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டும் ஊகம் 18,000 பக்கத்துல வரலன்னா பஃபர்ஸ் ஆப்ஷனும் (எத்தனை பேஜ் படிச்சுதுன்னு காட்டும்) சேத்து மறுபடி ஓட்டி அனுப்புங்க. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், டெக்ஸ்டாவே ஒட்டுங்க, போன தடவை ஒருத்தர் மானிட்டரை போன்ல போட்டோ எடுத்து அனுப்பி என் கண்ணு போச்சு.